கெமரா அக்காவும் அட்டைக்கடி பேண்டும்

ஹட்டனில் ஒரு ரொக் பேண்ட் இருந்தது என்று சொன்னால் கொழும்பில் யாரும் நம்புவதில்லை. ஹட்டனிலேயே பாதிப்பேர் நம்புவதில்லை. அந்த பேண்டில் நான் பேஸ் கிட்டார் வாசித்தேன் என்று சொன்னபோது என் மனைவியே நம்பவில்லை.

"நீங்க பேண்டுல வாசிச்சீங்களா, பேண்டுக்கு வேன் ஓட்டுனீங்களா?" என்று கல்யாணமான புதிதில் கேட்டாள்.

"ரெண்டும்தான்."

"அப்ப வாசிக்கிற மாதிரி ஒரு போட்டோ காட்டுங்க பாப்போம்."

தேடிப் பார்த்தேன். எங்கள் பேண்டின் நல்ல படங்கள் எல்லாவற்றையும் எடுத்தவர் ஒரே ஆள்தான். அப்போது என் கையில் இருந்த அவருடைய படங்களில் நான் இல்லாமல் இல்லை. ஒன்றில் என் இடது தோள் இருக்கிறது. இன்னொன்றில் என் கிட்டாரின் கழுத்து. வேறொன்றில் என் வலது சப்பாத்து, நாடா முடிச்சுவரை அவ்வளவு தெளிவாக இருக்கிறது. முகம் மட்டும் கிடையாது. மனைவி சப்பாத்துப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "சப்பாத்து ஒங்களோடதுதான்" என்று ஒத்துக்கொண்டாள்.

ஹட்டனில் அவரை எல்லாரும் கெமரா அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவருக்குப் பெயர் உண்டு. அதை எழுதினால் கோபித்துக்கொள்வார். படத்தின் ஓரத்தில் எடுத்தவர் பெயரைப் போடலாமே என்று ஒருமுறை சொன்னதற்கு, "போட்டோவுல இருக்கிறவன் பேரையே யாரும் கேக்கல. எம்பேர எவன் கேக்கப்போறான்?" என்றார். அதனால் பெயர் வேண்டாம்.

எங்கள் குடும்பத்துக்கு பஜாரில் ஒரு புடவைக்கடை. கடைக்குப் பின்னால் ஒரு களஞ்சிய அறை. அங்கேதான் பேண்ட் பழகும். சேலைக் கட்டுகள் சுற்றிலும் இருப்பதால் சத்தம் வெளியே போகாது என்பது எங்கள் கணக்கு. பேண்டில் என்னைச் சேர்த்ததற்கும் ஒரு கணக்கு இருந்தது. "ஒனக்கு என்ன வாசிக்கத் தெரியும்?" என்று பாடகன் ஜெகன் கேட்டான். "எங்க கடைக்கு வேன் இருக்கு" என்றேன். உடனே சேர்த்துக்கொண்டார்கள். கையில் பேஸ் கிட்டாரைக் கொடுத்து, "நாலே கம்பிதான், ஒனக்குப் போதும்" என்றான்.

களஞ்சிய அறைக்கு நேர் மேலே ஒரு ஸ்டூடியோ. சத்தம் பக்கவாட்டில் போகவில்லையே தவிர மேலே நன்றாகவே போயிருக்கிறது. ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு மெலிந்த ஒரு பெண் உள்ளே வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். இறுக்கிக் கட்டிய கொண்டை, கையில் ஒரு சீப்பு.

"மேல ஒரு பெரியவரு அடையாள அட்டைக்கு ஒக்காந்திருக்காரு. நீங்க அடிக்கிற அடியில அவரு தல ஆடுது. படத்துல ரெண்டு காதும் ஒண்ணா விழ மாட்டேங்குது. கொஞ்சம் நிப்பாட்டுறீங்களா?"

டிரம்ஸ் அடித்த செல்வா குச்சிகளைக் கீழே வைத்தான். அவர் மேலே போனார். பெரியவரின் இரண்டு காதுகளும் விழுந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். இந்த முறை சீப்பு இல்லை, கெமரா இருந்தது.

"இப்ப அடிங்க" என்றார்.

அதுதான் ஆரம்பம். அதன் பிறகு நாங்கள் வாசிக்கப் போன தேயிலைத் தோட்டங்களில் அவர் வராத தோட்டம் கிடையாது.

ஸ்டூடியோவில் அவர் வேலையே அடையாள அட்டைப் படம் எடுப்பதுதான். நீலத் துணி ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டு முடிந்ததும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் துணியை மாட்டி, ஒவ்வொருவராக உட்காரவைத்து, "தாடைய எறக்குங்க, காது தெரியணும், சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே அரை நாள் போகும். அவரும் லயத்தில் பிறந்தவர்தான். டயகமவுக்கு அங்கிட்டு ஒரு தோட்டம். அவருடைய அம்மா அப்போதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் எங்கள் மேடைக்கு முன்னால் வந்து நிற்கும்போது அவர் வேறு ஆள். யாரையும் நிமிரச் சொல்லமாட்டார், திரும்பச் சொல்லமாட்டார். "காலம்பூரா ஆளுங்கள நிமிரச் சொல்லிட்டு வாறேன். இங்கயும் சொல்லணுமா?" என்பார். கெமராவை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். எடுக்கமாட்டார். பாட்டு ஓடும், ஜெகன் கத்துவான், பேண்டிலிருந்த சகோதரர்கள், லீட் கிட்டார் வாசிக்கும் அண்ணனும் கீபோர்ட் வாசிக்கும் தம்பியும், மேடையிலேயே முறைத்துக்கொள்வார்கள். அக்கா நிற்பார். "எடுங்க அக்கா!" என்று ஜெகன் மைக்கிலேயே கெஞ்சியிருக்கிறான்.

"இன்னும் வரல்ல" என்பார்.

என்ன வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. மற்ற போட்டோகாரர்கள் ஒரு பாட்டுக்கு ஒரு அல்பத்துக்கான படங்கள் எடுப்பார்கள். அக்கா சில நாள் ஒரு நிகழ்ச்சி முழுக்க நின்றுவிட்டு, கெமராவை மூடிப் பையில் வைத்து, "இன்னைக்கு வரல்ல" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிடுவார். ஏதோ ஹட்டன் பஸ் வரவில்லை என்பது போன்ற குரல்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. மேடைக்கு இடது பக்கம், பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்பார். எடுக்காத நேரத்தில் ஒரு உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்திருப்பார், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல. ஏன் என்று கேட்டேன்.

"ஒங்க சத்தம் காதுக்கு வராது மொதலாளி. கைக்குத்தான் வரும்."

கடைக்காரக் குடும்பம் என்பதால் நான் அவருக்கு மொதலாளி. அந்தச் சொல்லை அவர் சொல்லும்போது கடைசி எழுத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். மலைநாட்டிலேயே நான் வாசித்ததை முழுசாகக் கவனித்தவர் அவர் ஒருவர்தான் என்பதில் எனக்குப் பெருமை. நிகழ்ச்சி முடிந்து வேனில் வரும்போது, "ரெண்டாவது பாட்டுல தூங்கிட்டீங்க" என்பார். தூங்கியது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். பேண்டில் உள்ளவர்களுக்கே தெரியாது.

அவ்வளவு கவனித்தவர் என் முகத்தை மட்டும் எடுக்கவில்லை. காரணம் அவராகவே சொன்னார். கெமரா என் பக்கம் திரும்பியதும் நான் ஒரு முகம் வைப்பேனாம். உண்மைதான். எங்கள் கடையில் உடை மாற்றிப் பார்க்கும் அறையில் ஆளுயரக் கண்ணாடி உண்டு. கடை சாத்தியதும் அதன் முன்னால் நின்று பழகிய முகம் அது. புருவம் கொஞ்சம் ஏறும், உதடு ஒரு பக்கம் கோணும், கண் தூரத்தில் எதையோ வெறுக்கும். வெளிநாட்டு ரொக் பாடகர்களின் படங்களைப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்த முகம்.

"கண்ணாடி முன்னால பழகுன அந்த மூஞ்சிய கடையிலயே வச்சிட்டு வாங்க மொதலாளி" என்பார் அக்கா. "அது விக்கிற சாமான்."

நான் வைத்துவிட்டுத்தான் போவேன். கெமராவைப் பார்த்ததும் அது எப்படியோ பின்னாலேயே வந்து சேர்ந்துவிடும்.

ஜெகன் பாயும் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அகரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், மழை விட்டும் விடாத ஒரு பின்னேரம், புல்லின் மேல் பலகை போட்டுக் கட்டிய மேடை. பாட்டின் நடுவில் ஜெகன் ஆகாயத்தில் இருக்கிறான். தலைமுடி ஒரு பக்கம், மைக் வயர் ஒரு பக்கம், வாய் முழுசாகத் திறந்திருக்கிறது. கீழே சனம் கையை உயர்த்தி நிற்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் போனில் போட்டுப் பரப்பினார்கள். ரொக் என்றால் இதுதான் என்றார்கள்.

நடந்தது என்னவென்றால், ஒரு அட்டை. புல்லிலிருந்து சப்பாத்தில் ஏறி, காற்சட்டைக்குள் புகுந்து, அட்டைகள் ஏறக்கூடாத உயரத்துக்கு ஏறி, கடித்துவிட்டது. ஜெகன் கத்தியது பாட்டில் இல்லாத ஒரு சொல். அதைத் தமிழ் தெரியாத ஆட்கள் மட்டும் ரசிக்கலாம்.

அதுவரை எங்கள் பேண்டுக்கு யார் வாயிலும் நுழையாத ஒரு ஆங்கிலப் பெயர் இருந்தது. வேனில் திரும்பி வரும்போது அக்காதான் சொன்னார். "பேசாம அட்டைக்கடின்னு வச்சிருங்க. உண்மையாச்சும் இருக்கும்." வைத்துவிட்டோம்.

அந்தப் படம் பேர் வாங்கியதும் ஜெகன் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அதே பாட்டின் அதே இடத்தில் பாய ஆரம்பித்தான். நல்ல உயரமாகவே பாய்ந்தான். அக்கா ஒருமுறைகூட எடுக்கவில்லை. ஏன் என்று சண்டை பிடித்தான்.

"இப்ப பாயுறது நீ தம்பி. அன்னைக்குப் பாஞ்சது அட்டை" என்றார்.

அட்டை அவரையும் விடாது. ஈரப் புல்லில் மணிக்கணக்காக நிற்பவரை விடுமா? காலில் ரத்தம் வழிவது எங்களுக்கு மேடையிலிருந்தே தெரியும். கையால் சைகை காட்டுவோம். கண்ணைக் கெமராவிலிருந்து எடுக்கமாட்டார். நிகழ்ச்சி முடிந்து வேன் படியில் உட்கார்ந்து கடித்த இடத்தில் சவுக்காரக் கட்டியைத் தடவும்போது, "அது குடிச்சிட்டு தானா விழுந்துரும். பாட்டு தானா திரும்பி வருமா?" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து போன் வந்தது.

திறந்த மைதானத்தில் பெரிய ரொக் நிகழ்ச்சி. எங்கள் பாட்டு ஒன்றை யாரோ போனில் கேட்டிருக்கிறார்கள். நடத்துபவர் சிங்களத்தில் பேசினார். எங்களில் சிங்களம் ஒழுங்காகப் பேசுபவன் கடைக்காரன் நான்தான் என்பதால் போனை என்னிடம் கொடுத்தார்கள். விஷயம் இதுதான். இடம் தரலாம், ஆனால் போஸ்டருக்கு ஒரு படம் வேண்டும். ஐந்து பேரும் ஒரே படத்தில் இருக்க வேண்டும், ஐந்து முகமும் தெரிய வேண்டும். ஞாயிறு காலை அச்சுக்குப் போகிறது. அதற்குள் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஒரு பேண்ட் காத்துக்கொண்டிருக்கிறது. கடைசியாக ஒன்று கேட்டார். அந்தப் பாயும் படத்தை எடுத்தது யார்? இந்தப் படமும் அப்படி இருந்தால் நிகழ்ச்சிக்கு அவரையே கூப்பிடுவோம், சம்பளத்துக்கு.

அக்காவிடம் சொன்னேன். கொண்டையை அவிழ்த்து மறுபடி கட்டினார். ரொம்ப சந்தோஷம் வந்தால் அப்படிச் செய்வார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜெகன் அவசரக்காரன். "அக்கா, இப்பவே மேல போவோம். ஸ்டூடியோவுல வரிசையா நிக்கிறோம். ஒரே அமுக்கு, வேல முடிஞ்சிச்சி."

"நிக்கலாம். அடையாள அட்டையா எடுக்கப் போறீங்க?"

"அக்கா, ஞாயித்துக்கெழம குடுக்கணும்க்கா."

"சனிக்கெழம எங்க தோட்டத்துத் திருவிழாவுல வாசிக்கிறீங்கதானே. அங்க எடுப்போம்."

"அங்கயும் நீங்க இன்னும் வரல்லன்னு நின்னுட்டீங்கன்னா? இது எங்களுக்கு மட்டும் இல்ல, ஒங்களுக்கும்தான்!"

"எனக்கும்தான்னுதான் சொல்றேன்." அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "வரிசையா நிக்க வச்சி எடுக்கிறத இங்கயே தெனம் செய்யிறேன். அதையே செய்யிறதுக்கு என்னைய ஏன் கொழும்புக்குக் கூப்பிடணும்?"

இந்தப் பேண்டில் ஐந்து முகமும் ஒரே படத்தில் விழாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அண்ணனும் தம்பியும் மேடையில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டே வாசிப்பது ஒன்று. மற்றது என் மூஞ்சி.

சனிக்கிழமை டயகமவுக்கு அங்கிட்டு ஏறும்போதே பனிமூட்டம் இறங்கிவிட்டது. கோயிலுக்குப் பக்கத்து மைதானத்தில் மேடை. திருவிழாக் கமிட்டித் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சட்டத்தைச் சொன்னார்.

"தம்பிங்களா, தேரு மலைக்கு மேல மேக்கணக்கு லயத்துப் பக்கமா போயிருக்கு. பொழுது சாயத் திரும்பி வரும். தேரக் கண்டதும் நிப்பாட்டிறணும். சாமி கோயிலுக்குள்ள போற வரைக்கும் ஒரு சத்தம் வரப்படாது. இது எங்க தோட்டத்து வழக்கம்."

"சரிங்க தலைவர்" என்றோம்.

அக்காவின் அம்மா முன் வரிசையில் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு முடிந்ததும் மகளைப் பார்த்து, மேடைக்குக் கேட்கும்படியே சொன்னார். "இவனுங்க ஏன்டி வயித்துவலி வந்தவனுங்க மாதிரி நிக்கிறானுங்க? பாவம், இவனுங்களப் போயா போட்டோ புடிக்கிற?"

"சும்மா இருங்கம்மா."

"அந்தக் கடசிப் பையனப் பாரு. அவனுக்கு ரொம்ப முடியல போல."

கடைசிப் பையன் நான்.

பாட்டுகள் ஓடின. அக்கா ஸ்பீக்கர் பெட்டியில் கை வைத்துக்கொண்டு நின்றார். கெமரா சில முறை மேலே போனது. ஒவ்வொரு முறையும் அண்ணன் திரும்பினான், தம்பி திரும்பவில்லை. தம்பி திரும்பினான், அண்ணன் குனிந்துகொண்டான். ஒரே ஒரு தடவை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கெமரா உயர்ந்தது. அப்போது கீழேயிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"மொதலாளி! மூஞ்சி!"

வந்துவிட்டது. புருவம், உதடு, தூரத்து வெறுப்பு, எல்லாம் ஒழுங்காக வந்து உட்கார்ந்திருந்தன. கெமரா இறங்கியது. மூட்டத்தில் வெளிச்சமும் இறங்கிக்கொண்டிருந்தது. மேடை லைட்டைப் போட்டார்கள். கடைசிப் பாட்டுக்கு வந்துவிட்டோம். ஜெகன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கொழும்பு மைதானம் முழுவதும் காலியாகத் தெரிந்தது. எனக்கு அவனைவிட அக்காவைப் பற்றித்தான் கவலை. திங்கட்கிழமை நீலத் துணியைச் சுருட்டிக்கொண்டு அவர் மறுபடி எந்தத் தோட்டத்துக்கோ போவார். என் உதடு கோணியதால்.

என் புத்திக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. கெமராவைப் பார்த்தால்தானே மூஞ்சி வருகிறது? கண்ணை மூடிக்கொண்டேன். இறுக்கி மூடிக்கொண்டேன்.

இருட்டில் வாசிப்பது நன்றாகத்தான் இருந்தது. விரல் அதுபாட்டுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் ஒரு அதிசயம் நடந்தது. என் பேஸ் கிட்டாரின் சத்தம் எனக்கே கேட்டது. அத்தனை வருஷத்தில் மேடையில் அது எனக்குக் கேட்டதே இல்லை. டுர்ர்ர் என்று ஒரே சீரான, கனமான சத்தம். நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. மற்றவர்கள் இன்று எனக்கு வழிவிட்டு மெதுவாக வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். நண்பர்கள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். தலையை ஆட்டினேன். முழங்காலை மடக்கினேன். சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் அவ்வளவு நன்றாக வாசிப்பேன் என்று எனக்கே அன்றுவரை தெரியாது.

கண்ணைத் திறந்தேன்.

எனக்கு நேர் முன்னால் அம்மன் இருந்தார்.

தேர். ட்ரெக்டர் இழுத்து வந்த தேர். கலர் கலராக பல்புகள், அவற்றுக்குக் கரண்ட் கொடுத்தபடி ட்ரெக்டர் பெட்டியில் டுர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர். மேடை லைட் இல்லை. தோட்டம் முழுக்க ஒரு லைட்டும் இல்லை. கரண்ட் எப்போதோ போயிருக்கிறது. ஸ்பீக்கர் செத்து, மைக் செத்து, தேர் வந்து, சனமெல்லாம் எழுந்து நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தது. ஜெகன், செல்வா, அண்ணன், தம்பி நாலு பேரும் மேடையில் கைகூப்பி நின்றார்கள். நான் ஒருவன்தான், கம்பியிலிருந்து கொசு பறக்கும் சத்தம்கூட வராத ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு, ஜெனரேட்டரின் சத்தத்தில் மயங்கி அம்மனுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தேன்.

கையைக் கூப்பினேன். அதற்குள் முன் வரிசையில் ஒரு குரல், "ஐயோ, பாவம் புள்ள" என்றது. யாருடைய குரல் என்று சொல்லத் தேவையில்லை.

தேர் கோயிலுக்குள் போனதும் தலைவர் மேடையில் ஏறினார். வேட்டி இன்னும் மடித்தபடியே இருந்தது. பயந்துபோய் ஜெகன் முந்திக்கொண்டான். "தலைவர், அவனுக்குத் தெரியாமப் போச்சுங்க. வேணும்னு செய்யல."

தலைவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். யோசித்தார்.

"சத்தம் வரப்படாதுன்னுதான் வழக்கம்" என்றார். "வரல்லதானே? சரி, போங்க."

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனேன். அக்கா வேன் படியில் உட்கார்ந்து, ட்ரெக்டர்க்காரரிடம் வாங்கிய டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கணுக்காலுக்குச் சவுக்காரம் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கெமரா.

"அக்கா, மன்னிச்சிருங்க. என்னாலதான்..."

டோர்ச்சை வாயிலிருந்து எடுத்தார். கொண்டையை அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

"வந்திருச்சு" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை.

கெமராவின் சின்னத் திரையைக் காட்டினார். ஐந்து பேரும் இருந்தோம். அண்ணனும் தம்பியும் சாமியைக் கும்பிட ஒரே பக்கம் திரும்பியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து அவர்கள் ஒரே பக்கம் திரும்பியது அன்றைக்குத்தானாக இருக்கும். செல்வா கூப்பிய கைகளுக்கு நடுவே டிரம்ஸ் குச்சிகளை ஊதுபத்திபோலப் பிடித்திருந்தான். ஜெகன் கும்பிட்டபடியே ஓரக்கண்ணால் என்னைப் பார்த்து, சிரிப்பை அடக்கமுடியாமல் கன்னம் உப்பியிருந்தான். நடுவில் நான், ஆடி ஆடி ஓரத்திலிருந்து அங்கே வந்திருக்கிறேன். தேரின் சிவப்பும் பச்சையும் முகத்தில் விழ, கண் மூடி, வாய் லேசாகத் திறந்து, உலகத்திலேயே சத்தமான பாட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். படத்தின் ஓரத்தில், பல்புகளுக்கு நடுவே, அம்மன்.

அது என் மூஞ்சி என்று எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. கண்ணாடியில் நான் அந்த ஆளைப் பார்த்ததே கிடையாது.

"நான் வாசிக்கல்லன்னு ஒங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"பெட்டியில கை வச்சிருந்தேனே. செத்துக் கெடந்திச்சி." சிரித்தார். "சத்தம் போனதும் எல்லாரும் நிப்பாட்டிட்டாங்க. நீங்க மட்டும் நிப்பாட்டல்ல. அதுக்குத்தான் இவ்வளவு நாளா நின்னேன் போல."

வேன் கீழே இறங்கி, போனுக்கு சிக்னல் பிடிக்கும் வளைவுக்கு வந்ததும் நிறுத்தினேன். அங்கிருந்துதான் படம் கொழும்புக்குப் போனது. அது போய்ச் சேரும்வரை எல்லாரும் போன் திரையையே பார்த்தோம். அண்ணனும் தம்பியும்கூடச் சண்டை போடவில்லை.

கொழும்புக்காரர்கள் அந்தப் படத்தை எங்கள் கலைக் கொள்கை என்று எடுத்துக்கொண்டார்கள். நான்கு பேர் வழிபாடு, ஒருவன் இசை. இவ்வளவு யோசித்து நிற்க வைத்தீர்களா என்று நடத்துபவர் என்னிடம் சிங்களத்தில் வியந்தார். ஆமாம், கொஞ்சம் யோசித்தோம் என்றேன். மைதானத்தில் ஆளுயரத்துக்கும் மேலே போஸ்டர். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னைத் தேடி வந்து கை கொடுத்தார்கள். ஜெகன் திரும்பி வரும்போது கித்துல்கலை தாண்டும்வரை என்னோடு பேசவில்லை. மேடையில் நான் வாசித்தது வழக்கம்போல யாருக்கும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டியில் ஒரு கை இருந்தது, அது போதும் என்று இருந்தது.

அக்காவை அவர்கள் விடவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள், அதற்கடுத்ததற்கும். பிறகு வெளிநாட்டு பேண்ட் ஒன்று வந்தபோது அவர்களோடு போகச் சொன்னார்கள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வேண்டும். தன் பழைய ஸ்டூடியோவில், தான் தினமும் ஆட்களை உட்காரவைத்த அதே நீலத் துணிக்கு முன்னால் அக்கா உட்கார்ந்தார். ஸ்டூடியோக்காரர் கெமராவுக்குப் பின்னால். வேடிக்கை பார்க்க நாங்கள். அக்காவால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. எடுக்க எடுக்கச் சிரித்தார். ஸ்டூடியோக்காரர் வியர்த்துவிட்டார்.

"தாடைய எறக்குங்க அக்கா" என்றேன் நான். "காது தெரியணும். சிரிக்காதீங்க."

"மொதலாளி, நீங்க மொதல்ல வெளிய போங்க!"

என்னை வெளியேற்றிய பிறகுதான் அந்தப் படம் விழுந்தது. அதில் அவர் யாரோ ஒரு கோபக்காரப் பெண்போல இருந்தார்.

இப்போது அவர் எந்த நாட்டில் எந்த மேடைக்கு இடது பக்கம் நிற்கிறார் என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. தீபாவளிக்கு வந்தால் கதை சொல்வார். ஒருமுறை, மேலெல்லாம் பச்சை குத்திய ஒரு வெள்ளைக்காரப் பாடகன் அவருக்கு முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு, தூரத்தில் எதையோ வெறுத்துக்கொண்டு நின்றானாம். "ஒங்க மூஞ்சிதான், அப்பிடியே! அங்கதான் செஞ்சி அனுப்புறாங்க போல" என்றார். இவர் தமிழிலேயே "இன்னும் வரல்ல" என்றிருக்கிறார். அவனும் ஏதோ புரிந்தவன்போலத் தலையாட்டிவிட்டு, கழற்றிய சட்டையைப் போட்டுக்கொண்டானாம்.

அந்தப் போஸ்டர் படத்தை அக்கா பிற்பாடுதான் எனக்கு அனுப்பினார். அதைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, எங்கள் கடையில் காசு மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். முதலில் மனைவிக்குத்தான் காட்டினேன். நன்றாகப் பார்த்தாள்.

"நீங்கதான். பேண்டுலதான் இருந்திருக்கீங்க" என்றாள். பிறகு முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "சத்தம் வராதப்பத்தான் நல்லா வாசிச்சிருக்கீங்க" என்றாள்.

ஓரத்தில் அம்மன் இருப்பதால் அதை வெறும் படமாக விட்டுவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. காலையில் கடை திறந்ததும் மற்ற சாமி படங்களோடு அதற்கும் ஒரு பூ, ஒரு பொட்டு, ஊதுபத்தி. பொட்டு சரியாக அம்மனுக்குத்தான் வைப்பாள். புகை என்னவோ நடுவில்தான் வந்து நிற்கும். தினமும் ஊதுபத்தி வாங்கும் பேஸ் கிட்டார்காரன் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், கை கொடுக்கிறேன்.

போன தீபாவளிக்கு அக்கா கடைக்கு வந்திருந்தார். கொண்டையில் நரை. தோளில் அதே மாதிரிப் பையில் வேறு கெமரா. அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்தார். நான் பணம் வாங்கமாட்டேன் என்றேன். வாங்காவிட்டால் எதிர்க் கடைக்குப் போவேன் என்றார். வாங்கிக்கொண்டேன். பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு எடுங்களேன்."

கெமராவை எடுத்தார். உயர்த்தினார். புருவம் ஏறியது எனக்கே தெரிந்தது. உதடு கோணுவதும் தெரிந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அது என்னை மறக்கவில்லை. அக்கா கெமராவை இறக்கிப் பைக்குள் வைத்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உடை மாற்றும் அறைப் பக்கம் ஓடினாள்.

அக்கா காசு மேசையில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, புகை படிந்த கண்ணாடிக்குள் இருந்த அந்த ஐந்து பேரையும் அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். படியிறங்கும்போது திரும்பி, படத்தைக் காட்டிச் சொன்னார்.

"அந்த மூஞ்சிய மட்டும் கடையிலயே வச்சிருங்க மொதலாளி. வித்துறாதீங்க."